தாகத்தில் விட்ட வரிசை

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். எதிரே இரண்டு சின்னக் குப்பிகள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் பச்சை நூல். நூல் கட்டியது நான்தான். எந்தக் குப்பி எந்தச் செடியின் பூவிலிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியும் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு நூல் குப்பியில் காகிதக் கீற்றை நனைத்தார். ஆட்டி ஆறவிட்டு, மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். மறுபடியும் ஆட்டினார்.

"இதுல ஒண்ணுமில்ல சபுரா. தழையக் கசக்குனா ஒண்ணு வருமே, அந்தப் பச்சை வாடை கீது. மத்தபடி வெறுந்தண்ணி."

பச்சை நூல் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அடுத்தது பச்சை நூல். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இதுல கீது," என்றார். "மேல தேன் மாதிரி. உள்ளாற போனா லேசாக் கிராம்பு. நல்ல ரோஜா இது. கரெக்டா?"

சரியாக இல்லை. நேர்மாறாக இருந்தது. எதில் வாசனை இருக்க வேண்டுமோ அதில் இல்லை என்கிறார். எதில் இருக்கக் கூடாதோ அதில் தேன் என்கிறார், கிராம்பு என்கிறார்.

"இல்லீங்க," என்றேன். "மாத்திச் சொல்லிட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு குப்பிகளையும் மூடினார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

டீயில் ஆரம்பித்தது

போன வாரம் எங்கள் மாடிப்படியின் வழுக்கலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த மாடியில் அப்படி என்னம்மா வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரோஜா வைத்திருக்கிறேன் ஐயா. பன்னீர் ரோஜா. ஏன் வைத்தேன் என்று சொல்ல ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் மூக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவர் பெயர் அனீபா. யானைக்கவுனியில் ஒரு அத்தர் கடையில் கலப்பு மேசையில் உட்கார்ந்தவர். வெளியூரிலிருந்து எண்ணெய் வந்து இறங்கினால், முதலில் அவர் மூக்குக்குத்தான் போகும். சுத்தமா, கலப்படமா, எதோடு எது சேரும், எது சேராது என்று அவர் சொன்ன பிறகுதான் கடை முதலாளி பணத்தை எடுப்பார். முதலாளியைக் கடையில் எல்லாரும் சேட்டு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஊரெல்லாம் காய்ச்சல் வந்ததே, அந்த வருடங்களில் இவருக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. ஒரு காலையில் டீயை வாயில் வைத்தவர், "டீயில ஒண்ணுமே இல்லியே" என்றார். நான் இஞ்சி தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, அரை மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறேன். எனக்கு வந்ததே கோபம். "நாளையிலேர்ந்து நீங்களே போட்டுக் குடிங்க" என்று தம்ளரைப் பிடுங்கிக் கொண்டுபோய்விட்டேன். என் பெயர் சபுரா. பொறுமை என்று அர்த்தமாம். பெற்றுப் பெயர் வைத்த அத்தாவே பிறகு சிரிப்பார்.

அன்று மதியம் பார்த்தால், மனிதர் வீடு முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருக்கிறார். பெருங்காய டப்பா. பினாயில். மண்ணெண்ணெய் விளக்கு. கடைசியில் என் தலைமுடி. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பயத்தை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கை போயிருந்தால் கட்டுப் போடலாம். கண் போயிருந்தால் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு ஓடலாம். மூக்கு போய்விட்டது என்று யாரிடம் சொல்வது? சொன்னாலும் "அதான் மூச்சு வருதே, அப்புறம் இன்னா?" என்கிறார்கள்.

சேட்டு நல்ல மனிதர். ஆனால் வியாபாரி. கலப்பு மேசையைக் காலியாக வைத்துக்கொண்டு, இவரைப் பொட்டலம் கட்டும் இடத்தில் உட்கார வைத்தார். மாதங்கள் போயின. "நோன்பு வர்றதுக்குள்ள சொல்லுங்க பாய்," என்றார். நோன்பும் பெருநாளும்தான் அத்தர் விற்கும் காலம். மேசையில் மூக்கு இல்லாமல் கடையை எப்படி நடத்துவார்? இவருக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

பஸ்ஸும் மெட்ரோவும்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வடசென்னை ஆட்களுக்கு வாசனை என்பது பெரிய விஷயமில்லை. ராயபுரத்தில் பஸ் ஏறி எண்ணூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போனால்கூட எந்த ஸ்டாப் என்று சொல்லிவிடலாம். மீன், ஐஸ், டீசல், புளித்த கஞ்சி மாதிரி ஒன்று, அப்புறம் மூக்கைச் சுருக்க வைக்கும் ஏதோ ஒரு கேஸ், அப்புறம் கழிமுகத்துச் சேறு. எனக்கு எல்லாமே நாத்தம்தான். இவர்தான் ஒவ்வொன்றையும் பிரித்துப் பெயர் சொல்வார். விம்கோ நகர் பக்கம் திரும்பினால், மூடிப் பல வருடமான தீப்பெட்டிக் கம்பெனியின் வாசனை இன்னும் மண்ணில் இருக்கிறது என்பார். நான் சிரிப்பேன்.

மெட்ரோ வந்த பிறகு எல்லாரும் அதில் போகிறோம். ஏசி, மூடிய கண்ணாடி, ஒரு வாசனையும் கிடையாது. அதில் போவதே அவருக்குப் பிடிக்காது, பஸ்ஸில்தான் போவார். மூக்கு போன பிறகு ஒருநாள் மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இப்ப எனக்கு பஸ்ஸும் இதுவும் ஒண்ணுதான் சபுரா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூட்டத்தில் அழுதால் பார்க்கிறவர்கள் ஆயிரம் கேட்பார்கள்.

சரி, ரோஜா ஏன்? அதுவும் அவர் யோசனைதான். கடைக் குப்பிகளை முகர்ந்து பார்த்தால் எதுவும் வரவில்லை. சில நாள் ஏதோ வருகிற மாதிரி இருக்கும். அது வாசனையா, பழைய ஞாபகமா என்று அவருக்கே குழப்பம். "கண்ணு முன்னாடி பறிச்ச பூவுலேர்ந்து எறக்குன எண்ணெயா இருந்தா, வாசனை நெசமாவே இருக்குதுன்னு உறுதி. அப்பவும் எனக்கு வரலன்னா கோளாறு எங்கிட்டதான்," என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பூ பொய் சொல்லாது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

ஆளுக்கொரு யோசனை

மாதவரம் பக்கத்து நர்சரியிலிருந்து கன்றுகள் வாங்கி, பெயின்ட் பக்கெட்டுகளில் வைத்தேன். ஆசை ஆசையாக வளர்த்தேன். யூரியா போட்டேன், கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன், காலையும் மாலையும் தண்ணீர். செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. பூவெல்லாம் முட்டைகோஸ் மாதிரி. அவர் ஒரு பூவை முகர்ந்தார். ஒன்றுமில்லை என்றார். மூஞ்சி செத்துப்போனது. நான் முகர்ந்தேன். எனக்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் எனக்குத்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கவே வராதே.

இப்போது குழப்பத்தைப் பாருங்கள். பூவில் வாசனை இல்லையா, இவருக்கு மூக்கு இல்லையா? மூக்கைச் சோதிக்கப் பூ வைத்தோம். பூவைச் சோதிக்க மூக்கு வேண்டும். என் மூக்கு எதற்கும் உதவாது. "சேட்டுகிட்ட ஒரு பூவைக் கொண்டுபோய்க் காட்டுங்களேன்" என்றேன். அவர் முன்னால் தோற்றால் அதோடு முடிந்தது, மாட்டேன் என்றுவிட்டார்.

நர்சரிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் அசையவில்லை. "ஊட்டி ஊட்டி வளர்த்தா தழைதாம்மா வளரும். பன்னீர் ரோஜாவுக்கு தழைச்சத்து ஓவராப் போனா எண்ணெய் நிக்காது. யூரியாவ நிறுத்து. மக்குன தொழு உரம் போடு. மொட்டு கட்டுற நேரத்துல சாம்பல் சத்து குடு. தண்ணிய அளவாக் குடு. செடிக்குக் கொஞ்சம் தாகம் தெரியணும், அப்பத்தான் பூ எண்ணெயச் சேத்து வெக்கும்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"வாடக் கூடாது. வாடப்போறேன்னு சொல்லணும்."

இது என்ன அளவு? நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறவள். எங்களுக்கு டன், கிலோ, நம்பர் என்றால் புரியும். "வாடப்போறேன்னு சொல்லணும்" என்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

யார்டில் பக்கத்து ஜன்னலில் உட்காரும் அம்மாவுக்குச் செல்போனில் தோட்ட வீடியோ பார்ப்பதுதான் வேலை. அவர் வேறு மாதிரி சொன்னார்: "மொட்டு விடுறப்ப தண்ணி காட்டாம வுட்டா பூவே சிறுத்துடும்மா, எண்ணெய் எங்கேர்ந்து வரும்?" அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. நான் யாரை நம்புவது?

எனக்குக் குழப்பம் வந்தால் இரண்டையும் செய்து பார்த்துவிடுகிற சுபாவம். செடிகளை இரண்டு வரிசையாகப் பிரித்தேன். கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு வரிசை, நர்சரிக்காரர் பேச்சுப்படி. யூரியா கிடையாது, தொழு உரம் மட்டும், தண்ணீர் எப்போதாவது கொஞ்சம். அதுதான் தாகத்தில் விட்ட வரிசை. தொட்டி ஓரம் இன்னொரு வரிசை. அதற்கும் தொழு உரம் உண்டு, லாரி வருகிற நாளெல்லாம் வயிறு நிறையத் தண்ணீரும் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த லாரிக் கணக்கு தெரியாது. எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வந்தால், டிரம்மில் மிச்சம் இருக்கிற தண்ணீர் பழைய தண்ணீர். புதுத் தண்ணீர் பிடிக்க அதைக் கொட்டித்தானே ஆக வேண்டும்? முந்தாநாள் கால் வலிக்கப் பிடித்த தண்ணீர்தான் அது, ஆனாலும் பழசு. நான் குடம் குடமாக மாடிக்குத் தூக்கிப் போய் அந்தத் தொட்டி ஓர வரிசைக்கு ஊற்றுவேன். லாரி நாள் என்றால் அந்த வரிசைக்குத் தண்ணீர் நாள். தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

கொஞ்ச நாளில் ஒரு அதிசயம். தாகத்தில் விட்ட வரிசை தழைத்தது. இலையெல்லாம் கரும்பச்சை, பளபளவென்று. நன்றாக ஊற்றிய வரிசை என்னவோ ஒல்லியாக, சின்னச் சின்னப் பூவாக, அடக்கமாக நின்றது. நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன். "தண்ணியே ஊத்தலண்ணே, அது பாட்டுக்குத் தழைக்குது."

"வேர் ஆழமாப் போயிருக்கும்மா. தாகத்துல வுட்டா அப்படித்தான்."

பெயின்ட் பக்கெட்டில் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் வித்தை தெரிந்தவர் என்று மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களில் இவர் ஒரு மாலை மாடிக்கு வந்து கைப்பிடிச் சுவர் பக்கம் நின்றார். "மீன் வாடை வருது இங்க," என்றார்.

"திருவொத்தியூர்ல மீன் வாடை வருதுன்னு சொல்ல மூக்கு எதுக்கு? ஞாபகமே போதும்," என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். ஒருவேளை ஞாபகம்தான் என்று அவரே சொல்லிக்கொண்டு கீழே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன் இரண்டு வரிசையிலும் தனித்தனியாகப் பூப் பறித்தேன். என் குக்கர் ஒன்று, தங்கச்சி வீட்டுக் குக்கர் ஒன்று. வெயிட்டைக் கழற்றி, செப்புக் குழாய் மாட்டி, ஐஸ் போட்ட பக்கெட் வழியாகக் குழாயை விட்டு, சொட்டுச் சொட்டாகப் பன்னீர் இறக்கினேன். மேலே எண்ணெய் ஒரு படலம், இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு. அதைத்தான் வழித்துக் குப்பியில் விட்டேன். தாகத்தில் விட்ட வரிசைக்குச் சிவப்பு நூல். தண்ணீர் ஊற்றிய வரிசைக்குப் பச்சை. தாகத்தில் இருந்த பூவில்தானே வாசனை நிற்க வேண்டும்?

பச்சையில் தேன் இருக்கிறது என்றார் இவர்.

மறுநாள் கடைக்குப் போனவர், சேட்டிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவும் இல்லை. மாலையில் வரும்போது கையில் ஒரு சின்னத் தகர டப்பா இருந்தது. அதற்குள், கலப்பு மேசையில் அவர் வைத்திருந்த கண்ணாடிக் குச்சிகள், சொட்டுக் குழாய், ஒரு பழைய துணி. டப்பாவை பீரோ மேலே வைத்தார். "பொட்டலம் கட்டுறது ஒண்ணும் கேவலமில்ல," என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே.

எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. நர்சரிக்காரர் மேலா, அந்தக் காய்ச்சல் மேலா, ரோஜா மேலா? எல்லார் மேலும் வந்தது. அந்த வாரம் நான் மாடிக்கே போகவில்லை.

காலை பத்து மணிக்கு

எங்கள் வீட்டில் கீழ்ப்போர்ஷனில் தேசம்மா இருக்கிறாள். பிறந்த இடம் முகத்துவாரக்குப்பம். விடியலில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்றுவிட்டு, பத்து மணிக்கு வீடு திரும்புவாள். விற்காத பொடி மீனைச் சுத்தம் செய்து மாடியில் காயப் போடுவாள். இது எனக்குத் தெரியும். வருடக்கணக்காகத் தெரியும். அந்த நேரம் நானும் அவரும் வேலைக்குப் போயிருப்போம், ஞாயிறன்று அவளிடம் மீன் மிஞ்சாது என்பதால், அவள் காயப் போடுவதை நான் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பல்வலி என்று ஒருநாள் லீவு போட்டேன். துணி காயப் போட மாடி ஏறினேன். தேசம்மா குந்திக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். முடித்தாள். அலுமினிய அன்னக்கூடைப் பாத்திரத்தோடு எழுந்தாள். மீன் கழுவிய தண்ணீரைக் கைப்பிடிச் சுவர் ஓர வரிசைக்கு, ஒரு செடி விடாமல், நிதானமாக ஊற்றிக்கொண்டே போனாள்.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

"தேசம்மா, இன்னா பண்ற நீ?"

"இன்னா பாயம்மா, வேலைக்குப் போலியா? தண்ணி ஊத்துறேன்."

"இந்த வரிசைக்கு ஏன் ஊத்துற?"

அவளுக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை. அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பின்ன? அந்தாண்ட வரிசைக்கு மட்டும் குடம் குடமா ஊத்திகினு இருந்த. இதுங்கோ இன்னா பாவம் பண்ணுச்சு? ஒரு புள்ளைக்குச் சோறு போட்டு ஒரு புள்ளையப் பட்டினி போடுவாங்களா? வாடிப்போயி நின்னுச்சுங்கோ. எனக்கு மன்சு கேக்கல."

"எத்தினி நாளா ஊத்துற?"

"நீ பிரிச்சு வெச்ச கொஞ்ச நாள்லேர்ந்து. மீன் கீதுன்னா மீன் தண்ணி, இல்லாங்காட்டி சொம்மாத் தண்ணி. ஞாயித்துக்கெழம தவுர ஒரு நாளு வுட்டதில்ல." அப்புறம் தொட்டி ஓரத்தைக் காட்டினாள். "இப்ப பாரு, அதுங்கதான் காயுது. ரோடு நோண்டிப் போட்டதுலேர்ந்து லாரி எங்க ஒழுங்கா வருது? நீ எங்க ஊத்துற?"

தொட்டி ஓரப் பக்கெட் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன், மண் காய்ந்து கிடந்தது.

லாரி நாள்தான் தண்ணீர் நாள் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். லாரி வராத நாளெல்லாம் பழைய தண்ணீர் ஏது, கொட்டுவதற்கு? நன்றாக ஊற்றுகிறோம் என்று நான் நினைத்த வரிசைக்குத்தான் தொழு உரமும், கொஞ்சம் தாகமும், அளவான தண்ணீரும் கிடைத்திருக்கிறது. பட்டினி என்று நான் நினைத்த வரிசை தினமும் மீன் தண்ணீர் குடித்துத் தழைத்திருக்கிறது. மீன் தண்ணீர் யூரியாவுக்கு அக்கா. தழைக்காமல் என்ன செய்யும்?

நூலை மனதுக்குள் மாற்றிக் கட்டிப் பார்த்தேன். சிவப்பு, தண்ணீரும் தழைச்சத்தும் மிஞ்சிப்போன பூ. அதைத்தான் அவர் தழை வாடை என்றார், வெறுந்தண்ணி என்றார். பச்சை, அளவோடு வளர்ந்த பூ. அதில்தான் தேன் என்றார்.

ஐயோ, மனிதர் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்.

அடுத்த நிமிடமே சந்தேகமும் வந்தது. இரண்டு குப்பியில் ஒன்றைச் சொல்வது பூவா தலையா மாதிரிதானே? குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால்? ஆனால் தழை வாடை என்றாரே, அது குருட்டாம்போக்கில் வருமா? மீன் வாடை என்றாரே?

தேசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோச்சுகினியா பாயம்மா? நல்லதுன்னுதான் ஊத்துனேன்."

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்ட வரவில்லை. "நல்லதுதான் பண்ண, போ," என்று சொல்லிவிட்டு, பல்வலியும் மறந்துபோய், கீழே ஓடிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

யானைக்கவுனி

கடைக்குள் நான் போனதே ரொம்பக் குறைவு. கலப்பு மேசையில் புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரிதான் தெரிந்தார். இவர் உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தார்.

நான் அவரிடம் போகவில்லை. நேராகச் சேட்டு முன்னால் இரண்டு குப்பிகளையும் வைத்தேன். "இதுல எது நல்ல ரோஜா, சொல்லுங்க சேட்டு."

சேட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காகிதம் எடுத்தார். சிவப்பை முகர்ந்து கீழே வைத்தார். பச்சையை முகர்ந்தார். புது ஆளிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார்.

"இது," என்றார் சேட்டு, பச்சையைத் தொட்டு. "அது தழையா இருக்கு. எங்கேர்ந்தும்மா வாங்குனீங்க?"

நடந்ததைச் சொன்னேன். தேசம்மா, மீன் தண்ணீர், லாரி எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. சேட்டுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இவருக்கு முழுக்கப் புரிந்தது. அவர் கையில் பொட்டலம் கட்டும் நூல் அப்படியே இருந்தது.

சேட்டு இவரை மேசைக்குக் கூப்பிட்டு வரிசையாகக் குப்பிகளைத் திறந்தார். சந்தனத்தை இவர் சரியாகச் சொன்னார். வெட்டிவேரைக் கொஞ்சம் தடுமாறிச் சொன்னார். தாழம்பூவுக்கு ஒன்றும் வரவில்லை. கஸ்தூரிக்கு, "ஏதோ கீது, இன்னான்னு தெரில," என்றார். மறுபடி ரோஜாக்கள் வந்தன. ஒன்றை நல்லது என்றார், ஒன்றில் செயற்கை கலந்திருக்கிறது என்றார். இரண்டும் சரி.

ஆக, மூக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை, வரவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. புது ஆளைப் போகச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் சேட்டு. கொஞ்சம் யோசித்து, "ரோஜா வந்தா மட்டும் பாய் பாக்கட்டும். மத்தது மெதுவா வரட்டும்," என்றார். இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா? ரோஜா வராத நாளெல்லாம் பொட்டலம். எனக்குச் சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியாமல், ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு மாலை இரண்டு பேரும் பஸ்ஸில்தான் வந்தோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இனி எந்த வரிசைக்கு எவ்வளவு தண்ணீர்? மீன் தண்ணீரை நிறுத்துவதா, இல்லை நன்றாகத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றுவதா? தேசம்மாவிடம் என்ன சொல்லி நிறுத்துவது? தாகம்தான் காரணமா, உரம்தான் காரணமா, இரண்டும் சேர்ந்தா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

"அன்னிக்கு மாடியில நல்லாத்தானே சொன்னீங்க. தேன் கீது, கிராம்பு கீதுன்னு அடிச்சுச் சொன்னீங்கல்ல? நான் மாத்திச் சொல்லிட்டீங்கன்னு சொன்னா, இல்லடி, இதுதான்டி ரோஜான்னு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா? உங்க மூக்குக்கு வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு," என்றார். "நல்லா வந்துச்சு. எத்தினியோ மாசம் கழிச்சு வந்துச்சு. எனக்கு அழுகையே வந்திடுச்சு."

"அப்புறம் ஏன் வாயை மூடிகினு எறங்கிப் போனீங்க?"

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல சபுரா. நீ இல்லன்னு சொன்னதும், என் மூக்குதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சிட்டேன்."

அழுகை வருவதற்குள் அடுப்படிக்குப் போய், வரும்போது தேசம்மா கொடுத்திருந்த நெத்திலியை எண்ணெயில் போட்டேன். அவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

"வாடை வருதா?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"நீ சொல்லு," என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."